பதினொரு பேர் எழுதிய ஒரே சண்டை

கொரியாவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்த ஊர் போடிப் பக்கம். இருப்பது சாங்வோன் என்கிற தொழில் நகரம். இந்த இரண்டு ஊர் மொழியையும் வைத்துப் பிழைக்கிறவர்கள் அதிகம் இல்லை என்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் இயந்திரக் கையேடுகளைத்தான் மொழிபெயர்ப்பேன். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதைத் தொட்டால் கை போகும் என்பது மாதிரி சங்கதிகள். படிக்கிறவருக்கும் கோபம் வராது, எழுதுகிறவருக்கும் வராது.

போன மாதம் வந்தது அப்படிப்பட்ட வேலை இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்கிற ஒரு கொரியக் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் கைப்பட எழுதிய பதினொரு விளக்கக் கடிதங்கள், இரண்டு தவணையாக எனக்கு வந்தன. எழுதியவரின் பெயரைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்து, ஊழியர் எண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். பதினொன்றிலும் ஒரே வாசகம்: "நான் கஜலட்சுமியுடன் சண்டையிட்டு, சாமான் தட்டைக் கீழே தள்ளி, லைன் நிற்பதற்குக் காரணமாக இருந்தேன். இனிமேல் இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன்."

மூன்றாவது வரியில் 'தெரியாமல்' என்று எழுதி அடித்திருந்தது. அதுவும் பதினொன்றிலும். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில், எழுதியிருப்பதை மொழி மாற்ற வேண்டுமே தவிர, அதைப் பற்றிப் பேசக் கூடாது. 'ஒரு சொல் அடிக்கப்பட்டுள்ளது' என்று பதினொரு தடவை குறிப்புப் போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

நாலு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். தலைப்பே 'கூட்டுத் தாக்குதல்' என்று இருந்தது. பதினொரு பேர் சேர்ந்து ஒரு பெண்ணை அடித்திருக்கிறார்கள், அடித்துவிட்டு ஒரே மாதிரி எழுதுவது என்று திட்டமும் போட்டிருக்கிறார்கள், எல்லாரையும் வேலையை விட்டு எடுப்பது பற்றி முடிவு செய்ய ஹான் என்கிற துறைத் தலைவர் இந்தியா போகிறார், துணைக்கு நீங்கள் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் மாற்றிக் கொடுத்த வார்த்தையை வைத்துப் பதினொரு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே சரி என்று எழுதினேன்.

*

ஹான் சாருக்கு நட்சத்திர ஹோட்டல். எனக்குச் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ். குறை சொல்லவில்லை. அவருக்குக் காலையில் வெட்டின பழம் கிடைக்கும், எனக்கு இட்லியும் வடகறியும் கிடைத்தது. எங்கள் ஊரில் வடகறி கிடையாது. முந்தின நாள் மீந்த வடை என்று நான் ஏளனமாக நினைத்திருந்த சாமான், வாயில் வைத்ததும் என்னை வெட்கப்பட வைத்தது. இரண்டாவது கரண்டி கேட்டபோது கடைக்காரர், "இன்னாமா, வெளிநாட்ல இதெல்லாம் கெடைக்காதா?" என்றார். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

ஹான் சார் வருவதற்கு ஒரு நாள் முன்னதாகவே நான் வந்துவிட்டேன். சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஹோட்டல் பலகைகளில் தமிழுக்கு மேலே கொரிய எழுத்து. 'பன்றி வறுவல், சூடான சூப்' என்று கொரியத்தில் எழுதியிருந்த கடையின் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனதுக்கு இதமாக இருந்தது.

கார் அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. வேறு ஏதோ கம்பெனி வாசலில் எனக்காகக் காத்திருக்கிறதாம். இங்கே எல்லா கேட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை. வல்லம் வடகால் போகிற ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஏறினேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், தொல்லைக்கும் சண்டைக்கும் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். சோற்றுக்கு ஒரு சொல் போதும் என்று இருக்கிற மொழிகூட, சண்டைக்கு அரை டஜன் வைத்திருக்கும். கொரியர்கள் மனக்கசப்புக்கு 'கல்துங்' என்பார்கள். இரண்டு கொடிகள் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பிரிக்க முடியாமல் கிடப்பது என்று அதற்கு வேர். நமக்குக் 'கைகலப்பு' இருக்கிறது. செய்தித்தாள் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கு நோட்டை வெளியே எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆட்டோ ஒரு பைக்கின் கண்ணாடியை உரசிவிட்டது. பைக்காரர் குறுக்கே நிறுத்தி இறங்கினார்.

"இன்னா தல, கண்ணு தெர்லயா உனுக்கு?"

"நீ ஏம்பா உள்ள பூந்த? ஆட்டோ போய்க்கினு கீது, தெரியுதுல்ல?"

"தோ பாரு, காலங்காத்தால ராவடி பண்ணாத."

"யாரு, நானா? நீதான் ரப்ச்சர் பண்ற."

என் இடது பக்கத்தில் இருந்த அம்மாள், "எப்பவும் இதே பேஜாரு" என்று முறத்தை மடியில் சரி செய்துகொண்டார். எதிரே இருந்த இரண்டு வட இந்திய இளைஞர்களில் ஒருவர் "லஃப்டா" என்று சிரித்தார். மற்றவர் ஒடிசாக்காரர். போனில் யாருக்கோ தாமதத்துக்குக் காரணம் சொன்னார். அதில் 'கண்டகோள' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கேட்டேன். கை இரண்டையும் காற்றில் குழப்பிக் காட்டி, "கச்சமுச்சா" என்று தமிழிலேயே விளக்கினார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். பைக்காரர் கண்ணாடியைக் கையாலேயே திருகி நேராக்கினார். "பாத்துப் போ தல" என்றார். "சரி தல" என்றார் நம்மவர். அவ்வளவுதான். சாங்வோனில் இதே சம்பவம் நடந்தால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். நாலு விளக்கையும் போட்டுவிட்டு, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு ஆளுக்குக் காத்திருப்பார்கள். சத்தம் இல்லாத அந்தச் சண்டை இரண்டு மாதம் ஓடும்.

*

கம்பெனியில் என்னை வரவேற்றவர் மோகன். மனிதவள மேலாளர், முப்பத்தைந்து வயது இருக்கும். பாவம், முகத்தில் தூக்கம் இல்லை. முதலில் சாப்பிட வைத்தார். கேன்டீனில் சாம்பார், முட்டைகோஸ் பொரியல், ரசம். கொரியர்களுக்கென்று தனியாகக் கிம்ச்சி. அதில் யாரோ புண்ணியவான் கடுகு தாளித்துக் கொட்டியிருந்தார். நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

"மேடம், நாளைக்கு சார் கேக்கறத அவங்களுக்குச் சொல்லுங்க, அவங்க சொல்றத சாருக்குச் சொல்லுங்க. எக்ஸ்ட்ரா எதுவும் வேண்டாம்" என்றார் மோகன்.

"அதுதான் சார் என் தொழிலே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பிறகு பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பதினொரு பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நாளாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். விசாரணைக்கென்று உள்ளே கூப்பிட்டு விட்டிருந்தார்கள். அடையாள அட்டையை எல்லாரும் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். கழற்றினால் வேலை போய்விட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மோகனுக்குப் போன் வந்து வெளியே போனார். நான் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தேன். எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், தட்டச்சு செய்தவள் ஆயிற்றே. முதலில் இருந்தவள் செல்வி, ஆண்டிபட்டிக்காரி. என் பேச்சைக் கேட்டதும் "அக்கா, நீங்க நம்ம பக்கமா?" என்று கண்ணை விரித்தாள். கடைசி நாற்காலியில் செல்வியைவிடக் கொஞ்சம் மூத்த பெண். வல்லம் வடகால் பக்கத்துக் கிராமம். அட்டையில் இருந்த எண், நான் கடைசியாக மொழிபெயர்த்த கடிதத்தின் எண். பெயர் கஜலட்சுமி.

மடிக்கணினியைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"நீங்கதான் கஜலட்சுமியா?"

"ஆமா மேடம்."

"அப்ப நீங்களே உங்க கூடச் சண்டை போட்டதா எழுதியிருக்கீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. கஜலட்சுமி தரையைப் பார்த்தாள். "மேடம், லைன் நின்னா அங்க கீற எல்லாரும் லெட்டர் குடுக்கணும்னாங்க. குடுத்தாதான் உள்ள வுடுவோம்னாங்க. இன்னா எழ்தறதுன்னு தெர்ல. தோ, இந்த செல்வி எழ்தினத ஆபீஸ் பொண்ணு கொண்டாந்து, இத மாரி எழ்துங்கன்னுச்சு. நாங்க நம்பர மட்டும் மாத்திக்கினோம்."

"அடிச்ச வார்த்தையையும் சேர்த்தா?"

நடுவில் இருந்த ரெஜினா என்ற பெண் பதில் சொன்னாள். "அதுவும் ஃபார்மேட்டுன்னு நெனச்சோம் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவர்களுக்கு லெட்டர் என்பது பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம். யார் எழுதினால் என்ன, கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது, உள்ளே போகலாம். கொரியாவில் இதே கடிதத்துக்கு 'ஷிமல்ஸோ' என்று பெயர். கோப்பில் ஏறிவிடும், ஓய்வு பெறும் வரைக்கும் கூடவே வரும். இங்கே சண்டையை முடித்து வைக்கிற காகிதம் அங்கே சண்டையைத் தொடங்கி வைக்கிற காகிதம். பதினாறு வருடமாக இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். எனக்கே தோன்றவில்லை.

"நாளைக்கு இதை அப்படியே ஹான் சார்கிட்டச் சொல்லிடுங்க, முடிஞ்சுது" என்றேன்.

பதினொரு தலையும் ஒரே நேரத்தில் ஆடின. சொல்ல மாட்டார்களாம்.

"காப்பி அடிச்சோம்னு சொன்னா இன்னும் பெரிய கேஸ் ஆய்டும் மேடம்" என்றாள் ரெஜினா. "பொய் லெட்டர் குடுத்தீங்கன்னு போலீஸ்ல சொல்லிட்டா?"

"சண்ட போட்டுச்சுன்னு வேல போனா வேற கம்பெனியில சேத்துக்குவாகக்கா" என்றாள் செல்வி. "பொய் எழுதுச்சுன்னு போனா எவன் சேப்பான்? எனக்கு அடுத்த மாசம் பெர்மனென்ட் பண்றதாச் சொல்லியிருந்தாக. வீட்டுல இன்னும் சொல்லலக்கா. தெனமும் ஷிப்டுக்குப் போறதாத்தேன் எங்கம்மா நெனச்சுக்கிட்டிருக்கு."

மோகன் திரும்பி வந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அந்தக் கடிதங்களைப் படிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் 'படித்து உறுதி செய்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவங்களாச் சொன்னா சொல்லட்டும் மேடம். நீங்க சொல்லாதீங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றார். நல்ல மனிதர்தான். அதுதான் சிக்கலாகப் போயிற்று.

*

விசாரணை பதினொரு மணிக்கு. லாட்ஜில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் காலையிலேயே வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனேன். பெரிய உருவம், கம்பீரமான முருகன். அண்ணாந்து பார்த்தால் நம் கவலை சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்தபோது ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் கஜலட்சுமியும் அந்தப் பக்கம் செல்வியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இருவரும் முருகனிடம் என்ன மனுக் கொடுத்தார்களோ, அதையாவது சொந்தமாக எழுதியிருப்பார்கள் என்று நம்பினேன்.

வெளியே வந்ததும் கஜலட்சுமி என் பக்கத்தில் வந்தாள். செல்வி நாலடி தள்ளி நின்றாள். சண்டை நடந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம்.

"அந்தப் பொண்ணு எதுனா துன்னுச்சான்னு கேளுங்க மேடம்."

நான் திரும்பி, "சாப்பிட்டியா செல்வி?" என்றேன்.

"சாப்புட்டேன்னு சொல்லுங்கக்கா" என்றாள், பொய் என்று முகத்திலேயே தெரிந்தது.

"சாப்பிட்டாளாம்."

"ஹாஸ்டல்ல அந்த கல்லு இட்லிதான? ஒண்ணும் எறங்கியிருக்காது. இந்தாங்க, குடுங்க." பிரசாதப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். நான் நாலடி நடந்து கொடுத்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு நான் துபாஷி வேலை பார்த்தது அன்றுதான் முதல் முறை.

*

ஹான் சார் ஐம்பது வயதுக்காரர். குரல் மென்மை. கூட்ட அறையில் அவருக்கு முன்னால் கடிதங்களின் பிரதிகளும், பக்கத்தில் சிவப்பு ஜின்செங் மிட்டாய்ப் பெட்டி ஒன்றும் இருந்தன. மிட்டாய், அடிபட்ட பெண்ணுக்கு. அவளைத் தவிர மற்றப் பதினொரு பேரும் அடித்தவர்கள் என்பது அவர் கணக்கு. எதிரே மொத்தமே பதினொரு பேர்தான் இருக்கிறார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இருபது வருடமாகத் தொழிற்சாலை நடத்துகிற மனிதர்.

கஜலட்சுமியை முன்னால் கூப்பிட்டார். "உங்களை முதலில் அடித்தது யார்? பயப்படாமல் சொல்லுங்கள்."

தமிழில் மாற்றிச் சொன்னேன்.

"யாரும் அடிக்கல சார்."

அதையும் மாற்றினேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவள் பயந்துதான் பேசுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். "இவ்வளவு பேருக்கு நடுவில் இவரால் எப்படிச் சொல்ல முடியும்" என்று என்னிடம் கொரிய மொழியில் சொன்னார். "அடிபட்டவர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை, பாருங்கள். இவரைப் பாதுகாப்பது நம் கடமை. மற்றவர்கள் எல்லாரையும் இன்றே வேலையை விட்டு எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்."

சொல்ல வேண்டியதுதான் என் வேலை. மோகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் அவையில் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"சார், இப்போது பேசுவது மொழிபெயர்ப்பாளர் அல்ல, நான்" என்றேன் கொரிய மொழியில். "அடிபட்டவர் கடிதம் எழுதியிருக்கிறார். உங்கள் கையில் இருக்கிறது. கடைசிக் காகிதம். எண்ணைப் பாருங்கள், இவர் அட்டையையும் பாருங்கள்."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இவரே இவருடன் சண்டை போட்டாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் லெட்டர் என்றால் என்ன என்பதையும், அடித்த வார்த்தையைக்கூட மரியாதையாகக் காப்பி அடித்ததையும், ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அதன் பிறகு தமிழில் திரும்பி, நான் என்ன சொன்னேன் என்று அவர்களுக்கும் சொன்னேன். ரெஜினா அழ ஆரம்பித்தாள். மோகன் எழுந்து நின்று, "தப்பு என்னுதுதான் சார், நான் படிக்காம சைன் பண்ணேன்" என்றார். அவர் எழுந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஹான் சார் கடிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "நான் பட்டாளத்தில் இருந்தபோது, மன்னிப்புக் கடிதம் நன்றாக எழுதுகிறவன் ஒருவன் இருந்தான். எங்கள் பிரிவு முழுக்க அவனுடையதைத்தான் எழுதிக் கொடுப்போம்" என்றார். "ஆனால் அவன் பெயரை மாற்றுவோம்." இதை மாற்றிச் சொன்னபோதுதான் அந்த அறையில் முதல் சிரிப்பு கேட்டது.

"கடிதம் வேண்டாம். என்ன நடந்தது என்று வாயால் சொல்லட்டும்" என்றார்.

அங்கே பிடித்தது வினை.

"ஒண்ணும் இல்ல சார், ஃபேன் மேட்டரு" என்றாள் கஜலட்சுமி. "அது ஸ்டாண்ட் ஃபேன், தானாத் திரும்பிக்கும். இவ வந்து, நான் திருப்பிட்டேன்னு கத்திக்கினு வந்தா."

"தானாவா திரும்புச்சு?" செல்வி எழுந்தே விட்டாள். பத்து நாளில் முதல் பேச்சு. "காலால எத்தித் திருப்புனத நான் என் கண்ணால பாத்தேன். தெனமும் ஒரண்டை இழுக்கிறது இவதேன் சார். வெக்கையில நின்னு பாத்தாத்தேன் தெரியும்."

"நான் இன்னா எத்தினேன்? தபார், ராவடி பண்ணாத. நீ கைய ஓங்கினு வந்த, ட்ரே வுழ்ந்துச்சு."

"நான் கைய ஓங்குனேனா? ஃபேனத் திருப்பப் போனேன்."

ஹான் சார் என்னைப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் மாற்றிக்கொண்டிருந்தேன். 'ஒரண்டை இழுப்பது' என்றதும் தடுமாறப் போகிறேன் என்று நினைத்தேன். இல்லை. கொரியத்தில் வேண்டுமென்றே சண்டைக்கு இழுப்பதைச் 'ஷிபி' என்பார்கள், ஒரு நூல் கூடாமல் குறையாமல் உட்கார்ந்தது. 'ராவடி'க்கு 'நல்லி' கிடைத்தது. அந்தக் கொரிய நல்லிக்கு எலும்போடு சம்பந்தம் இல்லை, வீட்டைத் தலைகீழாக்குகிற ரகளை. இத்தனை வருடம் நோட்டில் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரு மின்விசிறிச் சண்டைக்குப் பயன்பட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். யார் விசிறியைத் திருப்பியது என்பது கடைசி வரை தீரவில்லை.

ஹான் சார் கையை உயர்த்தினார். "போதும். இது சண்டை. வெறும் சண்டை" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். அன்றைய மதிய ஷிப்டிலேயே எல்லாரும் சேரலாம், கடிதங்கள் கோப்பில் ஏறாது, அந்த வரிசைக்கு இன்னொரு விசிறி வாங்க வேண்டும் என்றார். செல்வியின் பெர்மனென்ட் என்ன ஆகும் என்று இன்னொரு தடவை நான் சொந்தமாகக் கேட்டுவிட்டேன். அது அடுத்த மாதம் நடக்கும் என்றார். மோகன் மட்டும் ஒரு ஷிமல்ஸோ எழுத வேண்டும், அதுவும் யாரையும் பார்க்காமல். மோகன் தலையைக் குனிந்து சிரித்தார்.

அறையை விட்டுப் போகும்போது ஹான் சார் என்னிடம், "இனிமேல் ஏதாவது தோன்றினால் மொழிபெயர்ப்புக்குக் கீழே எழுதி அனுப்புங்கள்" என்றார். மிட்டாய்ப் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரெஜினாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஷிப்டு மணிக்காகக் காத்திருந்தோம். இறக்கி வைத்த பாரம் எவ்வளவு கனம் என்பது இறக்கிய பிறகுதான் தெரிகிறது. ஆளுக்கொரு மிட்டாயை வாயில் போட்டு, கசப்பில் முகத்தைச் சுளித்தார்கள்.

செல்வி வீட்டுக்குப் போன் போட்டாள். நம் ஆட்கள் கஷ்டத்தைக் கஷ்டப்படும்போது சொல்ல மாட்டார்கள், தீர்ந்த பிறகுதான் சொல்வார்கள். அவளும் அப்போதுதான் பத்து நாள் கதையையும் சொன்னாள். மறுமுனையில் அம்மா வைய ஆரம்பித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தர்கிட்டயும் சண்டை சச்சரவு வச்சுக்காதன்னு சொல்லித்தான அனுப்புனேன், வேலைக்குப் போன எடத்துல யாரோடடி மல்லுக்கட்டுன, உனக்கு வாய் சும்மா இருக்காதா என்று நிறுத்தாமல் போனது. விசாரணையில் அழாத செல்வி இப்போது தேம்ப ஆரம்பித்தாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கஜலட்சுமி அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் கஜா பேசறேன். உம் பொண்ணு கூட சண்ட போட்டவ நாந்தான்" என்றாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "அவளத் திட்டாதம்மா. ஃபேன நாந்தான் திருப்பினேன்."